விட்டுப்போன மாதிரி

போன வாரக் கதையில் காவேரியைப் பையும் கையுமாக வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். மார்கழிப் பனி வேறு. முதலில் அவளை உள்ளே கூப்பிடுவோம்.

கதவைத் திறந்த கோகிலவாணிக்கு எதிரே தெருவே தெரியவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடி மட்டும் வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பால்காரர் மணி அடித்தார். அந்த வெள்ளைக்கு நடுவில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காவேரி நின்றாள்.

ஒரு கணம், இதுவும் யாரோ சொன்ன கனவுதான் என்று கோகிலவாணி நினைத்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷமாக அவள் செய்கிற வேலை அப்படி. தருமபுரி மாவட்டத்துப் பெண்கள் என்னென்ன கனவு காண்கிறார்கள், அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஏரியூர், சித்தேரி, வத்தல்மலை என்று ஏறி இறங்கி, ஃபோனில் பதிவு செய்து, எழுதி எழுதி, கடைசியில் அவள் ராத்திரி காண்கிற கனவுகூட அவளுக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. சித்தேரியில் ஒருத்தி சொன்ன வெள்ளை மாடு வந்து இவள் தலைமாட்டில் படுத்துக்கொள்ளும். வத்தல்மலைக்காரி ஒருத்தி கண்ட காப்பிப் பூ இவள் சமையலறையில் உதிரும். இதை எங்கேயிருந்து எடுத்தோம், அடிக்குறிப்பு போடவில்லையே என்று தூக்கத்திலேயே பதறுவாள். இப்படியும் ஒரு படிப்பு!

"அண்ணி, நானு," என்றது பனி.

"அடியாத்தீ, காவேரியா? உள்ள வா சாமி, உள்ள வா. என்னம்மா விடியறதுக்குள்ள?"

காவேரி, கோகிலவாணியின் புருஷன் மாதவராஜுக்குக் கூடப்பிறந்த தங்கை. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் லாரித் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறானே முனிராஜ், அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். மாதவராஜ் ஓசூர்க் கம்பெனியில் இருக்கிறான், சனிக்கிழமைதான் வருவான். வீட்டில் கோகிலவாணி மட்டும்தான்.

உள்ளே வந்த காவேரி பையைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணி, உங்க பொஸ்தகத்துல என்னைப் பத்தி என்னா எழுதி வச்சிருக்கறீங்க?"

"என்ன எழுதுவேன்? நீ சொன்ன கனாவத்தான்..."

"அவரு வூட்ட வுட்டுப் போன்னுட்டாரு அண்ணி."

கோகிலவாணிக்குத் தூக்கம் போயே போய்விட்டது.

நடந்தது இதுதான். ஆய்வேட்டின் அச்சுப்படியை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கி வரச்சொல்லி முனிராஜிடம்தான் சொல்லியிருந்தாள். நல்ல பிள்ளை, எந்த வேலை சொன்னாலும் முகம் கோணமாட்டான். கடையில் காத்திருந்த நேரத்தில் சும்மா புரட்டியிருக்கிறான். ஒரு பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், 'தகவலாளர்: காவேரி முனிராஜ், அதியமான்கோட்டை' என்று பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கூட்டுக்காரி பேருங்க, பாருங்க! எம் பேரும் சேர்ந்து வந்திருக்குது" என்று கடைக்காரருக்கெல்லாம் காட்டியிருக்கிறான். அப்புறம்தான், சரி, அப்படி என்ன சொல்லியிருக்கிறாள் என்று மேலே இருந்ததைப் படித்தான். மேற்கோள் குறிகளுக்குள், தெள்ளத் தெளிவாக இருந்தது:

"ஆற்றில் பரிசல் வருகிறது. அதில் ஒருவர் நிற்கிறார். ஏறிக்கொள் என்று கை காட்டுகிறார். நான் ஏறிக்கொள்கிறேன். அவரோடு போகிறேன். எங்கள் வீடு சின்னதாகிக்கொண்டே போகிறது. எனக்குத் திரும்பி வர மனமே வரவில்லை."

"யாரு அந்தாளுன்னு கேக்கறாரு அண்ணி. யாருன்னு சொன்னா வூட்டுல இரு, இல்லாட்டி உங்க அண்ணன் வூட்டுக்குப் போங்கறாரு. நான் யாருன்னு சொல்லுவேன்? ஒருத்தன் இருந்தாத்தான சொல்றதுக்கு? பாப்பாவ எங்க மாமியாகிட்ட வுட்டுட்டு மொத பஸ்ல வந்துட்டேன்."

"அது கனான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கனான்னா மாதிரின்னுல்ல சொல்லுவாங்க, இதுல ஒரு எடத்துலயும் மாதிரி இல்லையேன்னு கேக்கறாரு." காவேரி நிமிர்ந்து பார்த்தாள். "நான் போறேன்னா அண்ணி சொன்னேன்? போற மாதிரின்னுதான சொன்னேன்?"

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது.

நம் ஊரில் யாராவது கனவை நேரடியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? செத்துப்போன பெரியப்பா வந்தார் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. வந்த மாதிரி. சோறு கேட்டார் என்பதில்லை, கேட்கிற மாதிரி. நான் போட்டேன் என்பதில்லை, போடுகிற மாதிரி. மாதிரிக்கு மேல் மாதிரி வைத்துத்தான் கனவைச் சொல்லி முடிப்போம். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் கனவு வாசப்படி தாண்டி வீட்டுக்குள் வந்துவிடும்.

அதைத்தான் கோகிலவாணி எடுத்திருந்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவளுடைய நெறியாளர் கலைமணி மேடம், நான்காம் இயலைப் புரட்டிவிட்டு, "என்னம்மா இது, ஒரே பக்கத்துல இத்தனை மாதிரி? படிக்கறவங்களுக்கு மூச்சு முட்டும். கொஞ்சம் குறை" என்றார். கொஞ்சம்தான் குறைக்கச் சொன்னார். இவள் அவசரக்காரி. கம்ப்யூட்டரில் 'மாதிரி' என்று தேடச்சொல்லி, அதற்குப் பதிலாக ஒன்றுமில்லை என்று கொடுத்து, ஒரே தட்டு. மாவட்டத்துப் பெண்கள் கண்ட கனவெல்லாம் அந்த ஒரு தட்டில் நடந்த சம்பவங்களாகிப் போயின. அப்புறம் 'போற', 'வர்ற' என்று தொங்கிக்கொண்டிருந்த சொற்களை எழுத்துத் தமிழில் நிமிர்த்தி, நீளம் என்று தோன்றிய வரிகளை வெட்டி வைத்தாள். மேற்கோள் குறிகளை மட்டும் இருந்த இடத்திலேயே பத்திரமாக விட்டுவிட்டாள்.

காப்பி போட்டுக் காவேரி கையில் கொடுத்துவிட்டு, மேடத்துக்கு ஃபோன் செய்தாள். கலைமணி மேடம் பூஜையில் இருந்தார் போல, மணிச்சத்தம் கேட்டது.

"நான் குறைன்னா துடைச்சு எடுத்துட்டியா?" மேடத்தின் குரல் மணியை அமுக்கியது. "ஏம்மா கோகிலா, மூணு வரிக்கு மேல போனா உள்தள்ளிப் போடறதுக்கும், ஒற்றைக் குறி இரட்டைக் குறிக்கும் என் உயிரை எடுத்தியே. இது தெரியாதா உனக்கு? ஒரு சொல் விட்டா மூணு புள்ளி வை. ஒரு சொல் சேர்த்தா பகர அடைப்புக்குள்ள போடு. ரெண்டும் செய்யலைன்னா அது அவங்க சொன்னது இல்ல, நீ சொன்னது. அதுக்குக் கீழ அவங்க பேரை வேற போட்டிருக்க!"

"தப்புதாங்க மேடம்."

"சரி விடு, நாள் இல்ல. வெள்ளிக்கிழமை ஒப்படைக்கணும். பேரையெல்லாம் எடுத்துட்டு தகவலாளர் ஒன்று, ரெண்டுன்னு எண் போட்டுடு. யாருன்னு தெரியாம போயிடும்."

கோகிலவாணி சமையலறையைப் பார்த்தாள். காவேரி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பியைக் குடிக்கவில்லை. எண் போட்டால் ஊருக்குத் தெரியாது, சரி. முனிராஜுக்கு?

"எல்லாத்தையும் பழையபடி சேர்த்துடறேங்க மேடம். வெள்ளிக்கிழமை முடியலைன்னா முடியலை."

"உன் இஷ்டம்," என்று மேடம் வைத்துவிட்டார். கோபமா, ஆசீர்வாதமா என்று தெரியவில்லை.

மூலப் பதிவு ஃபோனிலேயே இருந்தது. அதைப் போட்டுக் காட்டினால் தீர்ந்தது. இதுதான் கோகிலவாணியின் கணக்கு. காவேரியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வெயில் வரப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் வரவில்லை. ரோடு பத்தடிக்கு ஒருமுறை புதிதாகப் பிறந்தது. புளியமரங்கள் பக்கத்தில் வந்து முகம் காட்டிவிட்டுப் பின்னால் போய்க் கரைந்தன. ஹைவேயில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாத பெரிய மீன்கள் போலப் போயின. பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, யாரும் வாங்கவில்லை என்றதும் வெள்ளைக்குள்ளேயே போய்விட்டாள். கோகிலவாணிக்கு மறுபடியும் அந்தச் சந்தேகம் வந்தது. இந்த ரோட்டை யார் சொன்னார்கள்?

முதுகுக்குப் பின்னால் காவேரி ஏதோ கேட்டாள்.

"என்னம்மா? காத்துல கேக்கல."

"போட்டுத்தான் காட்டணுமா அண்ணி? நீங்க வாயால சொன்னாவே நம்புவாரு. உங்க மேல அவருக்கு மரியாத."

"அட, நீ ஏன் பயப்படற? உன் வாயால கேட்டா ஒரேயடியாத் தெளிஞ்சுருவாரு."

காவேரி அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சின்னக் கனம் கோகிலவாணிக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறோம், எல்லாம் சரியாகிவிடும் என்று தைரியமாக இருந்தது.

கடை திறந்திருந்தது. நீலமும் ஆரஞ்சுமாகத் தார்ப்பாய்ச் சுருள்கள் வாசலில் அடுக்கியிருந்தன. முனிராஜ் தரையில் ஒரு தார்ப்பாயை விரித்துப் போட்டு, ஓரத்தில் இரும்பு வளையம் அடித்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா. டீ சொல்லட்டுங்களா?"

உலகமே இடிந்து விழுந்தாலும் டீ சொல்லாமல் பேச்சை ஆரம்பிக்கத் தெரியாத ஆள். ஆனால் காவேரி பக்கம் திரும்பவே இல்லை.

"டீ கெடக்கட்டும் தம்பி. நான் சொல்றத மொதல்ல கேளுங்க."

"நீங்க சொல்றதுக்கு என்னங்கக்கா இருக்குது?" சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தான். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறான், மகராசன்! "நான் பன்னெண்டாவது வரைக்கும் போனவனுங்க. ரெண்டு பக்கமும் குறி போட்டா, அது அவங்க வாயால சொன்னதுன்னு எனக்கும் தெரியுமுங்க. அடியில பேரும் போட்டிருக்குது. இதுக்கு மேல என்னா சாட்சி வோணும்?"

"அந்தக் குறியப் போட்டவ நான். உள்ள இருந்த பேச்ச மாத்தினவளும் நான்தான் தம்பி."

முனிராஜ் விழித்தான். "பெரிய படிப்புங்க இது. இதுல மாத்தி எழுதுவாங்களா?"

"எழுதக்கூடாது. நான் எழுதிட்டேன். படிக்க இழுவையா இருக்குதேன்னு மாதிரிங்கற வார்த்தைய எல்லா எடத்துலயும் எடுத்துட்டேன்."

"ஒரு வார்த்தைதானுங்களே?"

"பழைய தார்ப்பாய்னு சொல்லி ஒருத்தருக்குக் கொடுக்கறீங்க. பழையங்கற ஒரு வார்த்தைய வுட்டுட்டுக் கொடுத்தா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கடையில ஏறி அடிப்பானுங்க," என்றான். சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். அப்படியானால் பிழைத்தோம் என்று கோகிலவாணிக்கு உயிர் வந்தது.

"எம் பேச்ச நம்ப வேணாம். அவ பேசினது இதுல அப்படியே இருக்குது. நீங்களே கேளுங்க."

ஃபோனைத் தார்ப்பாய்ச் சுருள் மேல் வைத்தாள். முனிராஜ் ஜெராக்ஸைத் தரையில் விரித்து, துணியில் அளவு குறிக்கிற சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். காவேரி கடைத் தூணோரம் நின்றாள். வெளியே ரோடும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை. அந்தக் கடை மட்டும் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருந்தது.

முதலில் மிக்ஸி ஓடுகிற சத்தம். அது நின்றது. பிறகு காவேரியின் குரல், ஒரு வருஷத்துக்கு முந்தைய குரல், சிரித்துக்கொண்டு வந்தது.

"எங்க ஏரியூருப் பக்கத்து ஆறு அண்ணி. தண்ணியே இல்லாத மாதிரி. தண்ணி இருந்த எடமெல்லாம் ராகி வெளஞ்சு கெடக்கற மாதிரி. பச்சப் பசேல்னு. அந்த ராகி மேல ஒரு பரிசலு மெதந்து வர்ற மாதிரி."

முனிராஜ் காகிதத்தில் 'வருகிறது' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டான்.

"அதுல ஒருத்தரு நிக்கற மாதிரி. மூஞ்சி மட்டும் தெரியாத மாதிரி. வெளிச்சமே மூஞ்சியா இருக்கற மாதிரி அண்ணி, எப்பிடிச் சொல்றது... ஏறிக்கோன்னு கையக் காட்டற மாதிரி."

இன்னொரு கோடு. இன்னொன்று. அவன் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைக் கோகிலவாணி பார்த்தாள். ஒவ்வொரு மாதிரிக்கும் அவன் தலையாட்டினான். மூஞ்சியே இல்லாத ஆள் மேலா ராத்திரி முழுக்கக் கோபப்பட்டோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்திருக்கும். முதல் தடவையாக நிமிர்ந்து காவேரியைப் பார்த்தான். அவளோ ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏறிக்கற மாதிரி. அவருகூடப் போற மாதிரி. கீழ ராகிக் கதிரெல்லாம் சலசலன்னு காலுல ஒரசற மாதிரி. பரிசலு நவுர நவுர நம்ம வூடு, கட, ரோட்டுல நிக்கற லாரி எல்லாம் சின்னதாயிக்கிட்டே போற மாதிரி."

மறுபடியும் கோடு. காகிதத்தில் கடைசி வரி மட்டும் பாக்கி. சுண்ணக்கட்டி அதன் மேல் போய் நின்றது.

"எனக்குத் திரும்பி வர மனசே வரல."

ஒரு குக்கர் விசில் அடித்தது. கோகிலவாணியின் பழைய குரல், "ம், அப்புறம்?" என்றது. "அப்புறமென்னா, முழிச்சுக்கிட்டேன்," என்று காவேரி சொன்னாள். பதிவு முடிந்தது.

முனிராஜின் கை அசையவில்லை.

"அக்கா, கடைசிய இன்னொருக்காப் போடுங்க."

போட்டாள். எனக்குத் திரும்பி வர மனசே வரல. குக்கர் விசில்.

"இதுல மாதிரி வரலீங்களே."

கோகிலவாணி ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு சொல். அதைச் சேர்த்துவிட்டால் போதும், ஒரு வீடு பிழைத்துவிடும். எத்தனையோ இடத்தில் அதை எடுத்தவளுக்கு ஒரு இடத்தில் போடத் தெரியாதா?

"அது ஒண்ணுமில்ல தம்பி," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பேசற வேகத்துல கடைசியில விட்டுப்போயிருக்கும். எல்லாருக்கும் வர்றதுதான். அதையும் மாதிரின்னு வச்சுத்தான் நாம..."

"விட்டுப்போவல அண்ணி."

தூணோரம் இருந்து காவேரி வந்தாள். அழவில்லை. பையை இன்னும் கையில் பிடித்திருந்தாள்.

"ஏனுங்க, பரிசலு கனாங்க. அந்தாளு கனாங்க. ஆத்துல ராகி வெளஞ்சது, வெளிச்சம், எல்லாமே கனாதாங்க. சத்தியமா அப்பிடி ஒருத்தரு இல்லீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது ஒண்ண மட்டும் நான் கனால காணலீங்க."

ஹைவேயில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முனிராஜ் அந்தக் காகிதத்தை மறுபடியும் நாலாக மடித்துக் கீழே வைத்தான். கத்துவான் என்று கோகிலவாணி எதிர்பார்த்தாள். எழுந்துபோய் ஷட்டரை இழுத்துவிடுவான் என்று நினைத்தாள்.

அவன் கால்மாட்டில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து, மேலிருந்த தூசியைக் கையால் துடைத்து, காவேரிக்கு முன்னால் வைத்தான்.

"உக்காரு," என்றான். "மாதிரி போடாமச் சொல்லு."